படாமல் அடிக்கும் கலை

கம்பை எடுத்து இன்னொருவரை அடிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று தையல்காரருக்கு வெகுகாலம் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அனுமதியில்லாமல்தான் அடித்துக்கொண்டிருந்தார். அடி வாங்கியவர் அவருடைய மச்சான். அவரும் அனுமதியில்லாமல்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

தினமும் விடிந்ததும் நகராட்சி விளையாட்டுக் கூடத்தின் பின்கதவு வழியாக இருவரும் உள்ளே போவார்கள். ஆளுக்கொரு கம்பு. ஒருவர் வீச, மற்றவர் தடுப்பார். பிறகு மற்றவர் வீச, இவர் தடுப்பார். மச்சானுக்கு எல்லாம் தடுக்க வரும், இடது முட்டியைத் தவிர. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருடைய இடது முட்டி, பூட்ட மறந்த வீடு மாதிரி திறந்து கிடக்கும். தையல்காரர் கம்பு நுனியால் அங்கே லேசாக ஒரு தட்டு தட்டி, "முட்டி, மச்சான்" என்பார். "தெரியும் மாப்ள" என்பார் மச்சான். தெரிந்து என்ன பிரயோசனம், மறுநாளும் திறந்துதான் கிடக்கும்.

அந்த முட்டிக்கு ஒரு பூர்வகதை உண்டு. வாலிபத்தில் ஒருநாள் அதே கூடத்தில் தையல்காரர் அதைக் கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார். காலை ஊன்ற முடியாத ஆளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோனபோது கதவைத் திறந்தது மச்சானுடைய தங்கை. "எங்க அண்ணனை அடிச்சது யாரு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள். கல்யாணம் அங்கே தொடங்கியதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் கணவனும் வீட்டுக்குள் எதற்கெடுத்தாலும் வாய்ச்சண்டை போட்டார்கள். "ரெண்டு பேரும் அங்க போய் அடிச்சுக்குங்க, எனக்கு வேலை இருக்கு" என்று காலையில் கம்புகளைக் கையில் கொடுத்துத் துரத்திவிட்டவளும் அவள்தான்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. துக்கத்தை வாயால் பேசிப் பழகாத ஆட்கள் இருவரும். ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தும், மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் "சாப்டாச்சா?" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. ஆனால் காலையில் கம்பும் கம்பும் மோதும்போது மட்டும் இருவருக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகும். அவளைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். அந்தக் காலை நேரம் இல்லாவிட்டால் தையல்காரருக்கு உலகத்தில் சொந்தமென்று சொல்ல யாருமில்லை. மச்சானுக்கும் அதே கதிதான்.

இப்படியிருக்கும்போதுதான் கூடத்தைக் கம்புக் கலை உயர் பேரவை எடுத்துக்கொண்டது. ஒருநாள் காலை பின்கதவில் புதுப் பூட்டு. முன்கதவில் பேரவையின் செயலாளர். ஒருநாளும் வியர்வையைப் பார்த்திராத விளையாட்டு உடையில், கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன விஷயம்?" என்றார் செயலாளர்.

"கம்பு பயிற்சிக்கு வந்திருக்கோம்" என்றார் தையல்காரர்.

"யார் முன்னாடி?"

"யார் முன்னாடியும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான். இவரு அடிப்பாரு, நான் தடுப்பேன்."

செயலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாக்குறதுக்கு ஆள் இருந்தா அது பயிற்சி. ஆளே இல்லாம ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா அதுக்குப் பேரு சண்டை சார். போலீஸ் கேஸ்."

முதல் நிலைத் தேர்வில் தேறியவர்கள் மட்டும்தான் இனிக் கூடத்துக்குள் கம்பு பிடிக்கலாம் என்பது சட்டம். தேறாதவரோடு தேறியவர் பயிற்சி செய்தால் இருவருக்கும் தடை. கலையின் தரத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றார் செயலாளர். ஒரு பரீட்சைதானே, எழுதித் தொலைத்துவிட்டு நம் பாட்டுக்கு அடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள்.

முதல் வகுப்பிலேயே அவர்களுடைய கம்புகள் பறிமுதலாயின. அவை கனமாக இருந்தன என்பது குற்றச்சாட்டு. பதிலுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. மேலே மினுமினுப்புத் தாள் சுற்றி, இரண்டு முனையிலும் சின்ன விளக்கு பொருத்தியிருந்தார்கள். கனமில்லாததால் அது மின்விசிறிபோல் சுழன்றது. எதன்மேலாவது பட்டால் வளைந்தது. "எதுமேலயும் படாது, கவலைப்படாதீங்க" என்றார் பயிற்றுநர்.

இரண்டாவது வகுப்பு முகபாவம். அதை எடுத்த அம்மையார் முன்பு ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பறைப் பெண்களுக்குப் புன்னகை கற்றுக்கொடுத்தவர். கம்பு சுழலும்போது உதடு எவ்வளவு விரியலாம், புருவம் எந்த இடத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று வரிசையாக விளக்கினார்.

"அடி வர்ற நேரத்துல யாரும்மா சிரிப்பாங்க?" என்று தையல்காரர் வெகுளியாகக் கேட்டார்.

"அடி எங்கேருந்து வரும்?" என்று அம்மையார் அதைவிட வெகுளியாகக் கேட்டார்.

மூன்றாவது வகுப்பு முழுக்க மேடைக்குள் நுழைவது எப்படி என்பது. நான்காவது, மேடையைவிட்டு இறங்குவது எப்படி. நடுவில் செய்வதற்கென்று தனியாக வகுப்பு எதுவும் இல்லை. அதற்குப் பாட்டுப் போட்டுவிடுவார்கள்.

தேர்வு நாளன்று நடுவர்கள் நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் நுழைந்தார், சுற்றினார், முறைத்தார். அது அவர் வேண்டுமென்று செய்ததல்ல. கம்பு கைக்கு வந்தால் எதிரில் இருப்பவரின் தோளைப் பார்ப்பது பழக்கம். எதிரில் இருந்தது தலைமை நடுவர். தன் தோளில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து அவர் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். போதாக்குறைக்குக் குழாய் ஒரு சுற்றில் தரையைத் தொட்டுவிட்டது. "தொடு பிழை!" என்று விசில் பறந்தது. தேறவில்லை.

மச்சான் தேறிவிட்டார். அதுதான் தையல்காரர் எதிர்பார்க்காதது.

மச்சான் தொழிலுக்கு லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகத் தொங்குகிறவர். லிப்ட் ஓடுகிறவரை அவரை யாருக்கும் தெரியாது, நின்றால்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். சரிசெய்துவிட்டு வெளியே வந்தால், "இவ்வளவு நேரமா?" என்பதுதான் சன்மானம். அன்றைக்கு அவர் சுற்றி முடித்துப் புன்னகையோடு குனிந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு வேலையை முடித்ததும் கைதட்டல் வந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மச்சான் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்ததைத் தையல்காரர் பார்த்தார்.

"அடுத்த தடவை நீயும் தேறிடுவ மாப்ள" என்றார் மச்சான், பளபளக்கும் புதுச் சட்டையில். "அதுவரைக்கும் உன்கூட கம்பு தொடக்கூடாதாம். சட்டம். என்னையும் தூக்கிடுவாங்க."

"வீட்டு மொட்டை மாடியில யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலைன்னா அது சண்டையாமே" என்றார் மச்சான். கேலியாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று தையல்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தையல்காரர் விடவில்லை. அடுத்த தடவை சிரித்தார். சிரிப்பு கேமரா இல்லாத பக்கம் போய்விட்டது என்றார்கள். அதற்கடுத்த தடவை கேமராவைப் பார்த்தே சிரித்தார். சிறப்பு விருந்தினருக்கான வணக்கத்தை விட்டுவிட்டார் என்றார்கள். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். காலி நாற்காலிக்கு வணங்கத் தெரியாதவர் கலைஞராக முடியாது என்று தலைமை நடுவர் வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் தையல்காரருக்குக் கோபப்படவும் தெம்பில்லாமல் போயிற்று. காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அந்த மெஷின் அவ்வளவு எண்ணெயைக் குடித்ததில்லை.

மச்சானோ மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். மூத்தோர் பிரிவில் அவருக்குச் 'சூறாவளி' என்று பட்டம். மாடிப்படியில் பார்த்தால், "சாப்டாச்சா மாப்ள?" "ஆச்சு மச்சான்." அவ்வளவுதான்.

இதற்கிடையில் பேரவைக்கு ஒரு சங்கடம் வந்தது. குழாய்கள் எதன்மேலும் படாததால் மேடையில் சத்தமே எழவில்லை. டிவியில் வால்யூமைக் குறைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். பேரவை கூடிப் பேசி ஒலிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது. திரைக்குப் பின்னால் ஒரு ஆள், ஒரு மரக்கட்டை, நிஜக் கம்பு ஒன்று. மேடையில் கம்பு சுழலும்போது இவர் கட்டையில் அடித்து அதற்கேற்ற சத்தம் கொடுக்க வேண்டும்.

பளபளச் சட்டைகளைத் தைத்துக் கொடுக்க வந்துபோய்க்கொண்டிருந்த தையல்காரர்தான் அந்த வேலைக்கு அகப்பட்டார்.

"நான் தேறலையே, கம்பு தொடலாமா?" என்றார் தையல்காரர்.

"இது கம்பு இல்ல. ஒலிக் கருவி" என்றார் செயலாளர். "ஒரே ஒரு கண்டிஷன். நீங்கதான் அடிக்கிறீங்கன்னு வெளிய மூச்சு விடக்கூடாது. போட்டியாளருக்குக்கூடத் தெரியக்கூடாது. சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா கலை போயிடும்."

பறிமுதலான தன் பழைய கம்பே 'ஒலிக் கருவி' என்ற சீட்டு ஒட்டிக் கைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதற்கெல்லாம் சிரிக்கிற கட்டத்தை அவர் தாண்டிவிட்டிருந்தார். அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

மாபெரும் போட்டி நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. பேரவைத் தலைவர் பேச எழுந்தார்.

"பழங்காலத்தில் கம்பு பிடித்தவனுக்கு எதிரி இருந்தான். பாவம், அவனுக்குப் பார்வையாளர்கள் இல்லை. இன்று நமக்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். எதிரி எதற்கு? நமது பேரவை இந்தக் கலையிலிருந்து அடியை அகற்றியிருக்கிறது. வலியை அகற்றியிருக்கிறது. வியர்வையை அகற்றத் தனிக்குழு அமைத்திருக்கிறது. இத்தனையும் போக எஞ்சி நிற்பதுதான் தூய கலை! பலரும் என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் கம்பு சுற்றுவீர்களா என்று. பெருமையோடு சொல்கிறேன், நான் ஒருநாளும் கம்பைத் தொட்டதில்லை. அதனால்தான் இதை என்னால் நடுநிலையோடு நிர்வகிக்க முடிகிறது!"

பலத்த கைதட்டல். நடுவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

கடைசியாக மேடைக்கு வந்தார் சூறாவளி. குழாய் முனைகளில் விளக்குகள் எரிய, காலரில் சின்ன மைக் குத்தியிருந்தது. மூச்சுவிடும் சத்தத்துக்கும் அந்த வருடம் மதிப்பெண் சேர்த்திருந்தார்கள். தையல்காரர் இரண்டு திரைகள் சேரும் இடுக்கு வழியாகப் பார்த்தார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு மச்சான் கையில் கம்போடு நிற்பதை, குழாயாகவே இருந்தாலும், அன்றுதான் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார்.

பாட்டு தொடங்கியது. மச்சான் சுற்ற, இவர் கட்டையில் அடிக்க, எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் மச்சான் வலப்பக்கம் திரும்பினார். இடது முட்டி திறந்தது.

டக்!

அடிக்க வேண்டும் என்று தையல்காரர் நினைக்கவே இல்லை. கைதான் அடித்தது. வாழ்நாள் பழக்கம். மேடையில் எந்தக் கம்பும் அசையாத நொடியில் சத்தம் மட்டும் தனியாக எழுந்து கூடத்தில் நின்றது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேடையில் மச்சான் அப்படியே உறைந்துபோனார். முகத்திலிருந்த சிரிப்பு கழன்றது. பிறகு, காலர் மைக் வழியாக, அவருடைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"தெரியும் மாப்ள."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, திரையைப் பார்த்து நின்றார். பேரவை விதிகளில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. குழாயைத் தூக்கித் திரையை நோக்கி ஒரு வீச்சு. உள்ளேயிருந்து டக். இன்னொன்று. டக், டக். தையல்காரர் பதிலுக்கு வீசினார். அடி கட்டையில் விழுந்தது, மச்சான் அந்தப்பக்கம் காற்றில் தடுத்தார். பாட்டு நின்றுபோனதை இருவரும் கவனிக்கவில்லை. மச்சானுக்கு மூச்சு வாங்கியது, மைக்கில் இரைந்தது. நடுவில் ஒருமுறை அது மூச்சு மாதிரி இல்லை, விசும்பல் மாதிரி இருந்தது. திரைக்குப் பின்னால் தையல்காரரும் அழுதுகொண்டேதான் அடித்தார். கடைசியில் குழாய் தாங்காமல் இரண்டாக மடங்கித் தொங்க, ஒரு முனை விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது.

மறுநாள் காலை விசாரணைக் குழு கூடியது. முதல் கேள்வி, 'மாப்ள' என்பது யார். தன் தங்கையின் வீட்டுக்காரர் என்று மச்சான் சொன்னார். மேடையில் உறவுமுறை சொல்லி அழைக்க விதியில் இடமிருக்கிறதா என்று நெடுநேரம் விவாதித்தார்கள். பிறகு தலைவர் மேசையில் தட்டினார்.

"சரி. அடிச்சது யாரு?"

தையல்காரருக்குச் சட்டென்று ஒரு கதவு திறந்து ஒரு முகம் தெரிந்தது.

"நான்தான்" என்றார்.

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து வரவேண்டிய வாக்கியத்துக்காகத் தையல்காரர் ஒரு கணம் காத்திருந்தார். அது வரவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் இல்லை. பக்கத்தில் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதே நினைப்புதான்.

இருவரையும் நீக்கிவிடத்தான் குழு நினைத்திருந்தது. ஆனால் ஊர் முழுக்க அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டார். அன்று மாலையே ஒரு கூட்டத்தில், "பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் நமது பேரவை 'மறை எதிரி' என்ற புதிய பிரிவைக் கண்டுபிடித்திருக்கிறது. உலகத்திலேயே முதல் முறையாக, கம்பு பிடித்தவருக்கு எதிரில் இன்னொருவர்!" என்று அறிவித்தார். விசும்பலுக்கும் மதிப்பெண் ஒதுக்கினார்கள். முகபாவ அம்மையார் மறுவாரமே விசும்பல் வகுப்பு தொடங்கினார். வரிசையாக நின்று மூக்கை உறிஞ்சிப் பழகிய சத்தம் தெருவரை கேட்டது.

புதிய பிரிவை மெருகேற்ற மச்சானும் தையல்காரரும் தினமும் காலையில் கூடத்தைப் பயன்படுத்தலாம் என்று உத்தரவு வந்தது. தையல்காரருக்கு அதைக் கேட்டதும் கால் தரையில் பாவவில்லை. செயலாளர் மீதியையும் சொன்னார்.

"நீங்க இன்னும் தேறல. அதனால நடுவுல திரை இருக்கும். இடுக்கு கிடுக்கு எதுவும் கிடையாது. அவரு அந்தப்பக்கம், நீங்க இந்தப்பக்கம். படக்கூடாது."

கனத்த கறுப்புத் துணியில் கூடத்தைக் குறுக்கே மறைத்து ஒரே திரை தொங்கியது. முதல் நாள் இருவரும் போனார்கள். அந்தப்பக்கம் குழாய் காற்றைக் கிழிக்கும் மெல்லிய சத்தம். இந்தப்பக்கம் கட்டையில் டக், டக். முகம் தெரியவில்லை, தோள் தெரியவில்லை, எங்கே அடிக்கிறோம் என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடிப்பதைக் கேட்பதுபோல இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மச்சான், "போதும் மாப்ள, அசதியா இருக்கு" என்று பாதியிலேயே நிறுத்தினார். இனி அவர் வரமாட்டாரோ என்று தையல்காரருக்குப் பயம் வந்துவிட்டது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

நாலைந்து நாளில் திரையின் அடிப்பக்கம் தேய்ந்து நூல் பிரிந்தது. "நீங்கதான் தையல்காரர் ஆச்சே, மடிச்சுத் தச்சுக் குடுத்துடுங்க" என்றார் செயலாளர். தையல்காரர் திரையைக் கழற்றிக் கடைக்குச் சுமந்துகொண்டு போனார். ஓரத்தை மடித்துத் தைத்தார். பிறகு கத்தரியை எடுத்தார்.

பேன்ட்டின் பக்கவாட்டுப் பைக்கு வாய் வைப்பது எப்படி என்று தையல்காரர் எவருக்கும் தெரியும். நின்றால் வாய் மூடியிருக்கும், தையல் கோடுதான் கண்ணுக்குப் படும். கையை விட்டால் திறக்கும். அவர் அப்படி ஒன்றைத் திரையின் நடுவில் வைத்தார். உயரத்துக்கு அளவு நாடா தேவைப்படவில்லை. மச்சானுடைய முட்டி எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாதா?

காலையில் செயலாளர் திரையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். "பிரமாதமான வேலை. பிசிறே இல்ல" என்று பாராட்டிவிட்டு, விசும்பல் வகுப்பை மேற்பார்வையிடப் போய்விட்டார்.

இருவரும் அவரவர் பக்கத்தில் நின்றார்கள். அந்தப்பக்கம் காற்றைக் கிழிக்கும் சத்தம் தொடங்கியது. அன்றைக்கு அது கொஞ்சம் தடிப்பாக இருந்ததைத் தையல்காரர் கவனிக்கவில்லை. அவருடைய காதெல்லாம் மச்சானின் பாதத்தில் இருந்தது. வலது பாதம் தரையில் உராய்ந்து திரும்பியது. தையல்காரர் கம்பு நுனியைப் பைவாய்க்குள் விட்டு லேசாக ஒரு தட்டு தட்டினார்.

அது எலும்பில் பட்டது.

"முட்டி, மச்சான்" என்றார் மெதுவாக.

அந்தப்பக்கம் எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று தையல்காரர் குனிந்து பார்க்கப் போனார். அதற்குள் அதே பைவாய் வழியாக மினுமினுப்புத் தாள் சுற்றிய முனை ஒன்று, விளக்கு மின்ன மின்ன வெளியே வந்து, அவருடைய முட்டியில் ஓங்கி ஒரு போடு போட்டது.

தையல்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வலி உச்சந்தலைவரை ஏறியது. பிளாஸ்டிக் குழாய் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அப்படி வலிக்காது. மச்சான் பறிமுதலான தன் பழைய கம்பைப் பேரவையின் கிடங்கிலிருந்து நைசாக எடுத்து, மினுமினுப்புத் தாளுக்குள்ளே வைத்துச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.